பிள்ளையை வெளியே உட்கார வைத்த அந்த நாள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கொங்கு அப்பா:
அண்டர் 14 கிரிக்கெட் லீக். இங்கே இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, எப்படி நடக்கும் என்று தெரியும். நெட்ஸ் பயிற்சியில் என் பையன் நாலாவதாக பேட்டிங் இறங்குபவன், பயிற்சியாளரே பழக்கிவிட்ட இடம். மேட்ச் அன்று காலையில் லிஸ்ட் படித்தபோது ஒன்பதாவதாகப் பெயர் வந்தது. நாலாவதாக இறங்கியவன் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவருடைய அக்கா பையன். மூன்று மாதத்தில் அவன் நெட்ஸுக்கு வந்த நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

முப்பது ஓவர் மேட்ச். முதல் பாதி முழுக்க என் பையன் எல்லைக்கோட்டு ஓரம் தேர்டு மேனில் வெயிலில் நின்றான், ஒரு ஓவர்கூடக் கையில் கொடுக்கவில்லை. சரி, பேட்டிங் வரும் என்று இருந்தேன். நாலாவது விக்கெட் விழுந்ததும் காலில் பேட் கட்டிக்கொண்டான். ஆறாவது விக்கெட் விழுந்தபோது ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். அடுத்தது அவன்தான். அதற்குப் பிறகு விக்கெட்டே விழவில்லை, ஜெயித்துவிட்டோம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவன் கடைசி வரிசையில் பேட் கட்டியபடி நின்றான்.

எனக்கு மறக்காதது அதுவும் இல்லை. வீட்டுக்கு நாற்பது நிமிடம் பைக்கில் வர வேண்டும். “பேடைக் கழற்றுடா” என்றேன். “பரவாயில்லப்பா” என்று அப்படியே ஏறி உட்கார்ந்தான். வழியில் பேடின் பட்டை ஒன்று பிரிந்து, காற்றில் என் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. சிக்னலில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பட்டை இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கபடிப் பொண்ணு அம்மா:
அண்ணா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. எங்களுடையது கபடி. சப் ஜூனியர் பெண்கள், 55 கிலோவுக்குள் இருக்க வேண்டும். என் மகள் முந்தின நாள் 56-க்கு மேல் இருந்தாள். ராத்திரி சாப்பிடவில்லை. விடியற்காலையில் இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். எடை போட்டபோது 54.8. வந்ததும் வராததுமாகக் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தேன். பாதி உரித்திருப்பாள், அதற்குள் பெயர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 12 பேரில் அவள் பெயர் இல்லை. அவள் ஆடுகிற லெஃப்ட் கார்னர் இடத்துக்கு, கேம்ப்புக்கே வராத ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் மகள் உரித்த தோலை மறுபடி மேலே மூடி, பழத்தை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தாள். ராத்திரி முதல் பட்டினி கிடந்த பிள்ளை. “அடுத்த வருஷம் பார்க்கலாம்மா” என்றார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும், அது அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து பிராக்டிஸுக்குப் போய்விட்டாள். நான் அன்றைக்கு மில்லுக்கே போகவில்லை, படுத்தே கிடந்தேன்.

வேளச்சேரிவாசி:
இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அந்தப் பக்கத்து அப்பா. என் மகன் ஆடும் கிளப்புக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் ஒரு பௌலிங் மெஷினும் வாங்கிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் கொடுத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த மேட்சிலேயே என் மகன் கையில் புதுப் பந்து. முதல் ஓவரில் 14 ரன். கேப்டன் ஓரத்தில் நின்ற பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தான், அவர் தலையை ஆட்டினார். பந்து மறுபடி என் மகனிடமே போனது. இரண்டு வருடமாகப் புதுப் பந்தில் போடுகிற பையன் ஃபைன் லெக்கில் நின்று ஷூவின் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் சரியாக அவன் பின்னால், கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அன்று ராத்திரி என் மகன் கேட்டான்: “அப்பா, மெஷின் வாங்கிக் குடுத்ததாலதான் என்னைப் போடச் சொன்னாங்களா?” இல்லை என்றேன். நம்பவில்லை. அந்த சீசன் முடிந்ததும் கிரிக்கெட்டையே விட்டுவிட்டான். சுமாராக ஆடுகிறவன்தான். ஆனால் ஆசையாக ஆடிக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற பி.இ.டி.:
31 வருடம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1998, குறுவட்ட வாலிபால். மேலிருந்து ஒரு சொல் வந்தது, ஒரு பையனை எடுத்துவிட்டு வேறொருவனைச் சேர்த்தேன். பஸ் கிளம்பும்போது அந்தப் பையனும் வந்திருந்தான். வலையையும் பந்துப் பையையும் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, “சார், முடிச்சு நல்லாப் போட்டிருக்கேன்” என்று சொல்லி இறங்கிப் போனான். அவ்வளவுதான்.

இனி பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முதலில் கொங்குத் தம்பிக்கு. எல்லாமே வேண்டியவர் வேண்டாதவர் கணக்கு அல்ல. கிரிக்கெட்டில் வயது வரம்புக்கு செப்டம்பர் 1 கணக்கு. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வந்து நிற்பார்கள். 13 வயதில் பதினோரு மாதம் என்பது நாலு விரல் உயரம், அதற்கேற்ற தோள் பலம். ட்ரையல்ஸில் ஆளுக்கு ஆறு பந்து பார்க்கிறவர் கண் தானாக வளர்ந்த பையனிடம்தான் போகும். பாரபட்சம் காட்டுகிறோம் என்றே தெரியாமல் நடக்கும் பாரபட்சம் இது. உங்கள் பையன் எந்த மாதம் பிறந்தவன் என்று பாருங்கள். அண்டர் 16 பிரிவுக்குப் போனால் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணக்கிடுவார்கள். வயதைக் குறைத்துக் காட்டி வந்தவர்கள் பலர் அங்கேதான் கழிவார்கள். அதுவரை பையன் ஆடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டாவது, மேட்ச் அன்று பயிற்சியாளரிடம் போகாதீர்கள். இரண்டு நாள் கழித்து, தனியாகப் போங்கள். “என் பையனை ஏன் எடுக்கவில்லை” என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். “நாலாவது இடத்தில் ஆட அவன் இன்னும் என்ன செய்யணும் சார்” என்று கேளுங்கள். உருப்படியான பதில் வந்தால் அவர் உங்கள் பையனைக் கவனிக்கிறார். மூன்று மாதம் கழித்தும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றே இழுத்தால் சீசன் முடிந்ததும் கிளப்பை மாற்றுங்கள். நடுவில் மாற்றுவது சிரமம். ஒரு நோட்டுப் போட்டு எத்தனை மேட்ச், எத்தனை பந்து ஆடினான், எத்தனை ஓவர் போட்டான் என்று தேதியோடு எழுதி வையுங்கள். கோபத்தில் எல்லாம் பெரிதாகத் தெரியும், நோட்டில் உள்ளது உள்ளபடி தெரியும்.

மூன்றாவது, கபடிப் பொண்ணு அம்மாவுக்கு. வளர்கிற பெண் பிள்ளையைப் பட்டினி போட்டு எடை இறக்காதீர்கள் அம்மா. ஒரு கிலோ கூட இருந்தால் அடுத்த பிரிவில் ஆடட்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும். அதில் கபடியும் உண்டு, தேர்வுக்கு நேராகப் போகலாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

கடைசியாக, வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பாருங்கள். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடியவர். ரஞ்சியில் அறிமுகமான கையோடு பந்துவீச்சு முறையில் குறை சொன்னார்கள். முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். வருண் சக்கரவர்த்தி விக்கெட் கீப்பராக இருந்தவர், கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்தவர். அஷ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். பதினான்கு வயதில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது ஒன்றுமே இல்லை.

கபடிப் பொண்ணு அம்மா:
சார், நான் அவளைப் பட்டினி போடவில்லை. தட்டில் போட்டு வைத்திருந்தேன், அவள்தான் தொடவில்லை. 55 கிலோ என்று எங்களுக்குச் சொன்னது யார், கேம்ப் நடத்தியவர்கள்தானே? ஒரு வாரம் முன்னாலேயே லிஸ்ட் முடிவாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் அன்று ராத்திரி சோறு சாப்பிட்டிருப்பாள்.

விடுதி விவரத்துக்கு நன்றி சார், விசாரிக்கிறேன். ஆனால் நடராஜன் கதை வேண்டாம். அவர் பெரிய ஆள், எங்களுக்கும் பெருமைதான். அவரோடு ஆடி, குறை சொல்லப்பட்டு, அப்படியே வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களும் விடியற்காலையில் எழுந்தவர்கள்தானே. உங்கள் பஸ்ஸில் வலையைக் கட்டிவிட்ட பையன் என்ன ஆனான் என்று நீங்கள் எழுதவில்லையே சார்.

தடகள அப்பா:
இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நான் மகளை ஃபுட்பாலிலிருந்து எடுத்து ஓட்டத்தில் விட்டேன். கடிகாரத்துக்கு யார் பிள்ளை என்று தெரியாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவட்ட அளவு 400 மீட்டர். மூன்றாவது இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் ஒன்றாக வந்து நெஞ்சை நீட்டினார்கள், அதில் ஒருத்தி என் மகள். போட்டோ ஃபினிஷ் எல்லாம் அங்கே ஏது? படியில் உட்கார்ந்திருந்த நடுவர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் மற்ற பிள்ளையின் எண்ணை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை நடுவர் ஒருவர் வேலை செய்யும் பள்ளியில் படிக்கிறவள்.

நான் கத்தினேன். நிறையவே கத்தினேன். என் மகள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அவ எனக்கு முன்னாடிதான்பா வந்தா” என்றாள். எனக்கு இன்றுவரை தெரியாது, அது உண்மையா, இல்லை என் வாயை மூட வைக்கச் சொன்னதா என்று.

அதனால் வேளச்சேரிவாசி, உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிகிறது, நம் வாயிலிருந்து வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

வேளச்சேரிவாசி:
தப்பாக எடுக்கவில்லை. ஃபைன் லெக்கில் நின்ற அந்தப் பையன் இப்போது லீக்கில் மூன்றாம் டிவிஷனில் போடுகிறான். ஒரு தடவை போய்ப் பார்த்தேன், தூரத்தில் நின்று. பேசப் போகவில்லை.

ஓய்வுபெற்ற பி.இ.டி.:
அம்மா கேட்டது நியாயம். அந்தப் பையன் மறு வருடம் வாலிபால் பக்கம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுப் போனான் என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

கொங்கு அப்பா:
எல்லாருக்கும் நன்றி. சார், என் பையன் ஜூலையில் பிறந்தவன். நீங்கள் சொன்ன பிறகு அந்த லிஸ்டில் இருந்த பையன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், பாதிப் பேர் அவனைவிட ஒரு தலை உயரம். ஆனால் நாலாவது இறங்கியவன் இவனைவிடக் குள்ளம், அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன்.

தடகள அப்பா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பையனிடம் கேட்டேவிட்டேன். அன்றைக்கு ஏன்டா பேடைக் கழற்றவே இல்லை என்று. எட்டு மாதமாக நானாகவே ஒரு பதில் வைத்திருந்தேன், கோபத்தில் கழற்றவில்லை என்று. ஷூவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்: “பேடோட உள்ள போனா அம்மா நான் ஆடிட்டேன்னு நினைச்சுக்குவாங்கல்ல.”

அன்று வாசலிலேயே அவன் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

நாளைக் காலை ஆறு மணிக்கு நெட்ஸ். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.