பொல்தாவா மண்ணில் பிறந்த கலைஞர்கள்

கேள்வி:
உக்ரைனின் பொல்தாவா வட்டாரம் என்றதும் 1809-இல் சொரோச்சின்த்சி என்னும் ஊரில் பிறந்த எழுத்தாளர் நிக்கோலாய் கோகல் மட்டுமே நினைவுக்கு வருகிறார். அங்கே பிறந்த பிற கலைஞர்களை அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1:
முதலில் சொல்லவேண்டிய பெயர் இவான் கோட்லியரெவ்ஸ்கி. 1769-இல் பொல்தாவா நகரில் பிறந்த இவர், பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தைக் கொசாக்குகள் என்னும் உக்ரைனியப் போர்வீரர்களின் கதையாக மாற்றி, மக்கள் பேசிய உக்ரைனிய மொழியிலேயே பாடினார். 1798-இல் அச்சேறிய அந்நூலிலிருந்தே நவீன உக்ரைனிய இலக்கியத்தைத் தொடங்குவது வழக்கம். கோகல் ரஷ்ய மொழியில் எழுதியவர் என்பதால், அந்த மண்ணின் மொழிக்கு இவர் செய்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பதில் 2:
இசையில் மிக்கோலா லிசெங்கோ (பிறப்பு 1842) இருக்கிறார். நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த அவர், 1904-இல் கீவ் நகரில் இசை நாடகப் பள்ளியையும் நிறுவினார்.

பதில் 3:
ஓவியத்தில் மிக்கோலா யாரோஷெங்கோ (பிறப்பு 1846) பொல்தாவாவில் பிறந்தவர். அங்குள்ள கலை அருங்காட்சியகம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1858-இல் பிறந்து பாரிசில் ஓவியம் பயின்ற மரியா பஷ்கிர்த்சேவ் காசநோயால் 1884-இல் மறைந்தார். மௌனப்பட நடிகை வேரா கொலோத்னயா 1893-இல் பொல்தாவாவில் பிறந்து 1919-இல் காலமானார். இருவருக்கும் அப்போது வயது 25தான் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.