மறு: 'நியூட்ரல் ஸ்பைன்' – தமிழில் என்ன?

அன்பின் நண்பர்களுக்கு,

பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி முறையில், முதுகெலும்பு தன் இயல்பான வளைவோடு இருக்கும் நிலையை 'நியூட்ரல் ஸ்பைன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'நடுநிலைத் தண்டுவடம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி. பிலாட்டீஸ் வகுப்பில் பேசப்படுவது எலும்புத் தொடர். 'நடுநிலை முதுகெலும்பு' என்று திருத்தினாலும், நடுநிலை என்றதும் நமக்கு நீதிபதிதான் நினைவுக்கு வருவார்.

> 'நேர்முதுகு'?

இது இன்னும் வம்பு. இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து முதுகெலும்புகளும் சேர்ந்து வயிற்றுப் பக்கமாகச் சற்றே வளைந்திருப்பவை. இடுப்பு வலியோடு வருபவரிடம் "முதுகை நேராக வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் நெஞ்சை விறைப்பாக நிமிர்த்தி இடுப்பை மேலும் வளைப்பார்கள். சிலர் முதுகைப் பாயோடு அழுத்தித் தட்டையாக்குவார்கள். இரண்டுமே நாம் கேட்டதல்ல.

இயன்முறை மருத்துவர்கள் செய்யச் சொல்வது இதுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்ற வேண்டும். உள்ளங்கைகளின் அடிப்பகுதி இடுப்பெலும்பின் இரண்டு முன்முனைகளிலும், விரல்நுனிகள் அடிவயிறு முடியும் இடத்து எலும்பிலும் படும்படி வைக்க வேண்டும். அந்த முக்கோணத்தின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் சிந்தக்கூடாது. அந்த நிலையில் இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். ஒருவருக்கு அது குறைவு, இன்னொருவருக்குக் கூடுதல். அவரவர் உடம்பின் இயல்பு அது.

ஆகவே என் முன்மொழிவு: இயல்வளைவு. "இயல்வளைவு குலையாமல் வலது காலை மெல்லத் தூக்குங்கள்" என்று பயிற்றுநர் சொன்னால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். வளைவு என்றால் நோய் என்று பயப்படுவார்களே என்ற கேள்வி வரும். பக்கவாட்டில் போகும் நோய் வளைவு (ஸ்கோலியோசிஸ்) வேறு. அதற்குப் 'பக்கவளைவு' இருக்கிறது.

வரையறையில் மட்டும் 'முதுகின் சரியான நிலை' என்று எழுதிவிட வேண்டாம். இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் முதுகைப் பாயில் படிய வைக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்; இயல்வளைவுக்கு முதன்மை வந்தது பிற்பாடுதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பிலாட்டீஸ் ஓரளவு உதவலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று அதில் இல்லை. மருத்துவக் கலைச்சொல் விளம்பர வாசகமாகிவிடக் கூடாது.

> பிலாட்டீஸுக்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துவிடலாமா?

ஆள் பெயரை மொழிபெயர்ப்பானேன்? அவர் தம் முறைக்கு வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. ஊர் அதை மறந்துவிட்டு அவர் பெயரையே பிடித்துக்கொண்டது. (சொல்லாக்கம் கைகூடாத நம்மவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.)

உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கும் 'கோர்' தசைகளைத் தனி இழையில் பேசலாம். 'கருத்தசை' மட்டும் வேண்டாம், கருப்பையோடு குழம்பும். 'உள்தாங்கு தசைகள்' எனக்கு உடன்பாடே.

பதிவுக்கான வரைவு:

இயல்வளைவு (பெ.): இடுப்பெலும்பு முன்னோ பின்னோ சாயாதபோது முதுகெலும்புத் தொடரில் அவரவர்க்கு இயல்பாக அமையும் வளைவு, பல பயிற்சிகளின் தொடக்க நிலை.

மறுப்பு இருந்தால் வேறு சொல்லோடு வாருங்கள். வெறும் 'பிடிக்கவில்லை' எண்ணிக்கையில் சேராது.