ஈரலைப் பார்த்த பிறகுதான் தீவனத்தைப் பார்த்தேன்

முட்டைக்கோழி வளர்ப்பவர்:

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோழி வளர்க்கிறேன் என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. சென்ற மழைக்காலத்தில் முட்டை மெல்லக் குறைந்தது. சாவு அதிகமில்லை. கொண்டை வெளிறியது, கோழிகள் தீவனத்தை அலகால் தள்ளிவிட்டு நின்றன. விளக்கு நேரத்தை மாற்றினேன், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டு மூன்று வாரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது எதிர்ப்பாற்றல் மிகக் குறைவாக இருந்தது. தடுப்பூசிதான் கெட்டது என்று முடிவுகட்டி, விற்றவரிடம் சண்டையும் போட்டேன். (பிறகு மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனது அவருக்கு.)

கால்நடை மருத்துவர் வந்து, செத்த கோழி ஒன்றின் தோலை உரித்தார். தொடைச் சதையில் ஊதாத் திட்டுகள். யாரும் அடிக்கவில்லை, அதுவும் எங்கும் மோதவில்லை. ஈரல் வீங்கி, களிமண் மஞ்சளாக இருந்தது. விரல் வைத்ததும் வெண்ணெய்போலக் குழைந்தது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் ஈரலில்தான் உருவாகின்றன. அது கெட்டால் லேசாக இடித்தாலே இரத்தம் கட்டிக்கொள்ளும் என்றார். "முதலில் தீவனத்தைச் சோதனைக்கு அனுப்புங்கள், அஃப்ளாடாக்சின் பார்க்க வேண்டும். தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையின் நச்சு அது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பினேன். கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்று அறிக்கை வந்தது. பல நாடுகளில் கோழித் தீவனத்துக்கு வரம்பு 20. நிம்மதியாக மருத்துவரை அழைத்தேன். "மாதிரியை எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டார். ஒரு மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி. அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நச்சு சீராகப் பரவியிருக்காது; ஓரிடத்தில் குவிந்திருக்கும். அடுத்த முறை எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி என்று குத்தூசியால் எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை அனுப்பினேன். 86 வந்தது. எதிர்ப்பாற்றலைக் குறைத்ததும் இந்த நச்சுதான், தடுப்பூசி இல்லை. சுவரோரம் கூரை ஒழுகிய இடத்தில் இருந்த மக்காச்சோளம் கட்டி கட்டியாக இறுகியிருந்தது.

கறிக்கோழி வளர்ப்பவர்:

எங்கள் பண்ணையில் ஈரல் நன்றாகவே இருந்தது, ஐயா. அலகின் உள்விளிம்பிலும் நாக்கு நுனியிலும் தயிர்க்கட்டி போன்ற மஞ்சள் படிவு. அம்மை என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கினோம். பிறகுதான் டி-2 என்ற வேறொரு நச்சு என்று தெரிந்தது; ஃபியூசேரியம் என்ற பூஞ்சை உண்டாக்குவது. பென்டோனைட் களிமண் கலந்த தீவனம்தானே, நச்சு என்ன செய்யும் என்ற தெனாவட்டு எனக்கு. அந்தக் களிமண் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டி-2 அதற்குப் பெரும்பாலும் சிக்காது.

தீவன ஆலையில் வேலை செய்பவர்:

புற ஊதா விளக்கில் உடைத்த சோளம் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தால் அஃப்ளாடாக்சின் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒளிர்வது அந்த நச்சை உண்டாக்கும் பூஞ்சை விட்டுச் சென்ற வேறொரு பொருள். நன்றாக ஒளிர்ந்த சரக்கு சோதனையில் தேறியதையும், இருட்டாகவே கிடந்தது தோற்றதையும் பார்த்திருக்கிறேன். எதை முதலில் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய மட்டுமே அந்த விளக்கைப் பயன்படுத்துகிறேன்.

வாத்து வளர்ப்பவர்:

கோழிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பிண்ணாக்கை வாத்துக்குஞ்சுகளுக்குப் போட்டோம். நான்கே நாளில் பாதி போயிற்று. கோழியைவிட வாத்துக்குஞ்சு அஃப்ளாடாக்சினுக்குப் பல மடங்கு விரைவில் விழும் என்று அப்போது தெரியாது. 1960-இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகு, இந்த நச்சைக் கண்டறிய வாத்துக்குஞ்சுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்களாம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இன்னொரு கொட்டகையில் கோழிகள் தண்ணீரை அதிகமாகக் குடிக்கின்றன, கூளம் நனைந்தே கிடக்கிறது. இதுவும் அதுதானா?

முட்டைக்கோழி வளர்ப்பவர்:

செத்தது ஒன்றைத் திறந்து சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறி வீங்கியிருந்தால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆக்ராடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். மாதிரியைக் காகிதப் பையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, போகிற வழியிலேயே புதிதாகப் பூஞ்சை பிடித்துவிடும்.