பாறை இடுக்கில் எண்ணிய உயிர்கள்

மெல்போர்னின் தென்கிழக்கே, போர்ட் பிலிப் விரிகுடாவின் கரையில் ரிக்கெட்ஸ் பாயின்ட் கடல் சரணாலயம் இருக்கிறது. 2002இல் விக்டோரியா மாநிலம் அறிவித்த 11 கடல் சரணாலயங்களில் ஒன்று. அங்கே தன்னார்வலராக முக்குளித்துக் கணக்கெடுக்கிறேன். எனக்குப் பிடித்தது மீன் கணக்கு அல்ல, முதுகெலும்பற்ற உயிர்களின் கணக்கு. மீன் ஆளைக் கண்டால் ஓடிவிடும். நத்தையும், முள் பந்து போன்ற கடல் முள்ளெலியும் அந்தப் பாறையின் நிலைமையைச் சொல்லிக்கொண்டு அங்கேயே இருக்கும்.

பாறைமேல் 50 மீட்டர் நாடாவை விரித்து, ஒரு மீட்டர் அகலத்துக்குள் 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொன்றையும் எண்ணுகிறோம். கடற்பாசியை விலக்கிப் பார்க்கலாம், கல்லைப் புரட்டக் கூடாது. ஆழம் குறைவு என்பதால் அலை ஆளை முன்னும் பின்னும் தள்ளும். ஒரு இடுக்கை முழுதாகப் பார்த்து முடிப்பதே பெரும்பாடு.

ஒருமுறை, மஞ்சள் உடலும் ஊதா நுனியுமாக ஐந்து கைகள் கொண்ட நட்சத்திர மீன் ஒன்று கண்ணில் பட்டது. கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. வட பசிபிக்கிலிருந்து வந்து, 1995இல் இந்த விரிகுடாவில் முதலில் கண்டறியப்பட்ட அந்நிய இனம் அது. பிடுங்கி எறிய உள்ளம் துடித்தது. ஆனால் சரணாலயத்தில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. தவிர, இது என்று நினைத்து உள்ளூர் இனங்களைக் கொன்றுவிடுகிறவர்களும் உண்டு. படம் எடுத்து, இடம் குறித்துத் தெரிவித்தோம்.

என்னை அதைவிட வருத்துவது ஊதா முள்ளெலிகள். இவை நம்முடைய கடலின் சொந்த இனம்தான். ஆனால் அளவு மீறிப் பெருகிய இடங்களில் பாசியெல்லாம் மேயப்பட்டு வெறும் பாறை மிஞ்சுகிறது.

*

உங்கள் ரிக்கெட்ஸ் பாயின்ட் குறிப்பைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் டாஸ்மேனியாத் தீவில் முக்குளிக்கிறேன். இங்கே தொல்லை தருவது நீண்ட முட்கள் கொண்ட கடல் முள்ளெலி. 1978இல் தீவின் வடகிழக்குக் கரையில் செயின்ட் ஹெலன்ஸ் ஊர்ப் பக்கம் முதலில் தென்பட்டது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெப்ப நீரோடு இதன் குஞ்சுகளையும் தெற்கே கொண்டுவருகிறது.

எண்ணிக்கையைப் படிப்பதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டாஸ்மேனியாவின் கிழக்கே உள்ள மரியா தீவின் கடலில் ஒரு பகுதியில் 1991 முதல் மீன்பிடிக்கத் தடை. தடைக்குப் பிறகு சிங்கி இறால்கள் பெருத்தன. அபலோன் நத்தைகளோ குறைந்தன! வேட்டையாடும் உயிர்கள் மீண்டதன் விளைவாகவே அதை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அதே இடங்களை எண்ணியதால்தான் இது தெரிந்தது. அபலோன் குறைந்தால் உடனே சரணாலயம் தோற்றது என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் பக்கம் பெரிய சிங்கி இறால்கள் தென்படுகின்றனவா?