அம்மாவுக்கு வயிறு நீவிவிடலாமா?

பெரம்பூர்க்காரி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு மாதமாக முதுகுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. தெருமுனைப் பாட்டி, "குடல் ஏறியிருக்கிறது, தட்டி இறக்கிவிடுகிறேன்" என்கிறார். அனுப்பலாமா?

நங்கநல்லூர் மருமகள்: தட்ட மட்டும் விடாதீர்கள். என் மாமியாருக்கு நானே நீவிவிட்டேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பேன். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தொட்டு வலது அடிவயிற்றிலிருந்து மேலே, விலாவுக்குக் கீழே குறுக்காக இடப்பக்கம், அங்கிருந்து கீழே. பெருங்குடல் போகும் வழி அதுதான். பத்து நிமிடம் போதும். முதல் வாரம் போர்வையில் எண்ணெய்க்கறை படிந்ததுதான் பலன்! இரண்டாம் வாரம் முக்காமல் போனார்.

ஓய்வுபெற்ற செவிலியர்: குடலிறக்கமோ (ஹெர்னியா) அண்மையில் வயிற்று அறுவையோ இருந்தால் கை வைக்காதீர்கள், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். மலத்தில் இரத்தம், வாந்தி, வயிறு உப்பி வலித்தால் உடனே மருத்துவமனை. அது இருக்கட்டும், அந்த முதுகுவலி மாத்திரை டிரமடாலா? அதுவே மலத்தை இறுக்கும்.

பெரம்பூர்க்காரி: அட்டையைப் பார்த்தேன், டிரமடாலேதான்! நாளை மருத்துவரிடம் கேட்கிறேன். பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இப்போது கவலை.