பைத்தான் 3.10.6-லிருந்து 3.10.12-க்கு மாறியதும் பெரிய எண்ணை எழுத முடியவில்லை: 7-வது கீயில் வேல்யூ எரர்

கேள்வி:

ஆர்எஸ்ஏ குறியாக்க முறையின் பப்ளிக் கீகளில் எவையாவது ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் இது. கீகளிலுள்ள 2048 பிட் மாடுலஸ்களை (இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த எண்கள்) ஒவ்வொன்றாகப் பெருக்கி, வந்த எண்ணை டெசிமலில் (பத்தடிமானத்தில்) ஜேசன் என்ற தரவு வடிவ ஃபைலாக எழுதுகிறது. அடுத்த ஸ்கிரிப்ட் அதைப் படித்து மீப்பெரு பொதுக் காரணி எடுக்கும்.

3.10.6-ல் சிக்கல் இல்லை. கன்டெய்னர் இமேஜை மறுபடி பில்ட் செய்தபோது 3.10.12 வந்துவிட்டது. கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. 6 கீ வரை ஓடுகிறது. 7-வது சேர்ந்ததும் 4300 என்ற வரம்பைத் தாண்டிவிட்டதாக வேல்யூ எரர். ட்ரேஸ்பேக் (எரர் வந்த இடத்தைச் சொல்லும் செய்தி) பிரின்ட் வரியைக் காட்டியது. அதை நீக்கினால் ஜேசன் எழுதும் வரியில் அதே எரர். 3.10.6-க்கே திரும்பிவிடலாமா? இல்லை, வரம்பை 0 ஆக்கிவிடலாமா?

பதில் 1:

உங்கள் கணக்கில் தவறில்லை. பெருக்கல், ஒப்பீடு, பொதுக் காரணி எதற்கும் வரம்பு கிடையாது. முழு எண்ணை டெசிமல் எழுத்தாக மாற்றும்போதும், டெசிமல் எழுத்தை முழு எண்ணாக மாற்றும்போதும்தான் 4300 இலக்க வரம்பு குறுக்கே வருகிறது. பிரின்ட், எஃப்-ஸ்ட்ரிங், ஜேசன் மூன்றும் உள்ளே இந்த மாற்றத்தைத்தான் செய்கின்றன. அதனால்தான் ஒன்றை நீக்கியதும் அடுத்ததில் எரர் வருகிறது.

7-வது கீயில் ஏன் என்றால்: 2-ன் 14284-ஆம் அடுக்குக்கு 4300 இலக்கங்கள், 14285-ஆம் அடுக்குக்கு 4301. ஆறு மாடுலஸ் பெருக்கினால் அதிகபட்சம் 12288 பிட், ஏறக்குறைய 3700 இலக்கம். ஏழு பெருக்கினால் குறைந்தது 14330 பிட், அதாவது 4314 இலக்கம்.

இது சிவிஇ-2020-10735 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம். 2022 செப்டம்பரில் 3.10.7, 3.9.14, 3.8.14, 3.7.14 நான்கிலும் சேர்த்தார்கள். டெசிமல் மாற்றத்தின் வேலை இலக்க எண்ணிக்கையின் வர்க்கத்தில் வளரும். நீளம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. 5 லட்சம் இலக்கம் கொண்ட ஒரே ஓர் எண் வேகமான சிபியுவையும் ஒரு விநாடிக்கு மேல் பிடித்து வைக்கும். வெளியாள் அனுப்பும் ஜேசனில் அப்படி நாலு எண் இருந்தால் சர்வர் திணறிவிடும். 3.12-ல் மிகப் பெரிய எண்களுக்கு வேகமான முறை வந்தது, வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

3.10.6-க்குத் திரும்ப வேண்டாம். இந்த ஒன்றோடு போகாது: யூஆர்எல் முன்னால் வெற்றிடம் வைத்துத் தடைப்பட்டியலை ஏமாற்றும் ஓட்டை 3.10.12-ல்தான் அடைபட்டது. டார் ஃபைலை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டியது) பிரிக்கும்போது வெளிக் கோப்புறையில் எழுதாமல் தடுக்கும் ஃபில்டர் வசதியும் அதில்தான் சேர்ந்தது. இரண்டையும் இழப்பீர்கள்.

சரியான வழி ஹெக்ஸ், அதாவது எண்ணை 16 அடிமானத்தில் எழுதுவது. அடிமானம் 2, 4, 8, 16, 32-க்கு இந்த வரம்பு பொருந்தாது, ஏனென்றால் அந்த மாற்றம் நேர்கோட்டில்தான் வளரும். எழுதும்போது ஹெக்ஸ் ஃபங்க்‌ஷன், படிக்கும்போது இன்ட் ஃபங்க்‌ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக 16. ஜேசனில் ஹெக்ஸ் எண் கிடையாது. மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக வையுங்கள். லாகில் முழு எண்ணையும் கொட்டாமல் பிட்_லெங்த் (எத்தனை பிட்) மதிப்பை மட்டும் எழுதினால் போதும். 7 கீக்கு அது 14330-லிருந்து 14336-க்குள் வரும், சரிபார்க்கவும் வசதி.

கேட்டவர்:

நன்றி. பழைய டெசிமல் ஃபைல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது?

பதில் 2:

அவை நீங்களே உருவாக்கியவை என்பதால் மாற்றும் வேலைக்கு மட்டும் வரம்பைத் தளர்த்தலாம். தனி ஸ்கிரிப்ட் எழுதி, பைத்தானை -எக்ஸ் இன்ட்_மேக்ஸ்_ஸ்ட்ர்_டிஜிட்ஸ்=0 என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். டெசிமலில் படித்து, ஹெக்ஸில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, இரண்டு முழு எண்களும் சமமா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

மெயின் ஸ்கிரிப்டில் 0 போடாதீர்கள். சிஸ் மாட்யூலில் உள்ள செட்_இன்ட்_மேக்ஸ்_ஸ்ட்ர்_டிஜிட்ஸ் ஃபங்க்‌ஷன் இன்டர்பிரெட்டர் முழுவதையும் மாற்றுகிறது. ஒரு த்ரெட்டில் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் பகுதி) தளர்த்தினால், அதே நேரம் வெளி ஜேசனைப் படிக்கும் இன்னொரு த்ரெட்டுக்கும் தடை போய்விடும். உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் தேவையான எண்ணைக் கணக்கிட்டு அதைக் கொடுங்கள். 1 முதல் 639 வரை கொடுத்தால் ஏற்காது; 640 அல்லது அதற்கு மேல், இல்லையேல் 0. மல்டிபிராசசிங்கை ஸ்பான் முறையில் (துணை பிராசஸ்களைப் புதிதாகத் தொடங்கும் முறை) ஓட்டினால், மெயின் பகுதிக்குள் வைத்த செட் வரி துணை பிராசஸ்களில் ஓடாது. அங்கே என்விரான்மென்ட் வேரியபிள் மூலம் கொடுப்பதே நல்லது.

மாற்றும் காலத்தில் பழசும் புதுசும் கலந்திருக்கும். அப்போது அந்தத் தனி ஸ்கிரிப்டில் அடிமானத்துக்கு 16-க்குப் பதில் 0 கொடுங்கள். முன்னால் 0எக்ஸ் இருந்தால் ஹெக்ஸாகவும், இல்லாவிட்டால் டெசிமலாகவும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த 0எக்ஸை வெட்டிவிடாதீர்கள். வெட்டிய ஹெக்ஸில் தற்செயலாக எழுத்தே வராமல் எண்கள் மட்டும் இருந்தால் எரர் இல்லாமல் தவறான எண் கிடைக்கும். பெரிய எண்ணில் இது நடக்காது, ஆனால் உங்கள் சோதனை ஃபைல்களில் உள்ள சிறிய எண்களில் நடக்கும்.

கேட்டவர்:

இன்னொரு மெஷினில் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) தந்த 3.9 இருக்கிறது. வெர்ஷன் எண் 3.9.14-க்குக் கீழேதான், ஆனாலும் அதே எரர். எப்படி?

பதில் 1:

டிஸ்ட்ரோக்காரர்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் ஒட்டுவார்கள். பைத்தான் காட்டும் எண் மாறாது. வெர்ஷனை ஒப்பிட்டு முடிவெடுக்காமல், சிஸ் மாட்யூலில் செட்_இன்ட்_மேக்ஸ்_ஸ்ட்ர்_டிஜிட்ஸ் இருக்கிறதா என்று ஹேஸ்ஆட்டர் கொண்டு கேளுங்கள். இருந்தால் வரம்பும் இருக்கிறது.

உங்கள் இமேஜ் தானாக மாறியதற்குக் காரணம் 3.10 என்று மட்டும் போட்ட டேக் (எந்த வெர்ஷன் இமேஜ் வேண்டும் என்று குறிக்கும் பெயர்). அது எப்போதும் கடைசிப் பேட்சைத்தான் இழுக்கும். 3.10.12 என்று முழுதாகக் குறித்தால் திடீர் மாற்றம் வராது, ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் தானாக வராது. எனவே முழு எண்ணைக் குறித்துவிட்டு, புதுப் பேட்ச் வரும்போதெல்லாம் 7 கீ போட்ட இதே சோதனையை ஓட்டிப் பார்த்து எண்ணை உயர்த்துங்கள். விண்டோஸில் யாராவது ஓட்டுகிறார்களா? 3.10 வரிசையில் இன்ஸ்டாலரோடு வந்த கடைசி வெளியீடு 3.10.11. அதன் பிறகு சோர்ஸ் மட்டும்தான், அதனால் அவர்கள் இன்ஸ்டாலர் தொடர்ந்து வரும் புதிய வரிசைக்குப் போக வேண்டியிருக்கும்.