ஸ்பீடு டெஸ்டில் 94 காட்டுகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை: அப்டேட்டுக்குப் பிறகு உங்களுக்கு என்ன நடந்தது?

ஜெராக்ஸ் கடை அக்கா:

மன்னார்குடி பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஃபைபர் இணைப்பு. இப்போதெல்லாம் ஜெராக்ஸை விட ஆன்லைன் விண்ணப்பத்தில்தான் கடை ஓடுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்றதும் முதல் கணினியை மட்டும் 11க்கு மாற்றினேன். மாற்றியது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் சாயங்காலம் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். வேலைக்கு விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள்.

இரண்டாவது கணினியில் வேறொருவருக்கு வேலை நடந்துகொண்டிருந்ததால் இதில் உட்கார வைத்தேன். முகவரியைத் தட்டி என்டர் அடித்தால் வெள்ளைத் திரை. எண்ணிக்கொண்டே இருந்தால் ஆறு, ஏழு விநாடி போகிறது. பிறகு பக்கம் முழுவதும் ஒரே வீச்சில் வந்து விழுகிறது. அடுத்த பக்கம் உடனே திறக்கும். அதற்கடுத்தது மறுபடியும் நிற்கும். ஓடிபி வந்து, அதைப் போட்டு, அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கையிலேயே நேரம் முடிந்துவிட்டது. இரண்டு தடவை இப்படி. அந்தப் பெண் கையில் இருந்த சான்றிதழ் ஃபைலை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். கடைசியில் என் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பி வைத்தேன். விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடை சாத்திய பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பீடு டெஸ்டில் 94 எம்பிபிஎஸ். நான் கட்டும் பணம் 100க்கு, அதனால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரவுசர் கேஷை அழித்தேன், எக்ஸ்டென்ஷன்களை எடுத்தேன், வேறு பிரவுசர் போட்டேன். எதற்கும் அசையவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் "ஃபார்மேட் அடிச்சிருங்க" என்றார். அடித்திருந்தாலும் இது போயிருக்காது.

வழி காட்டியது திரையின் இடது கீழ் மூலை. வெள்ளையாக நிற்கும் நேரமெல்லாம் அங்கே 'ரிசால்விங் ஹோஸ்ட்' என்று சின்ன எழுத்தில் நின்றது. அதாவது பக்கம் மெதுவாக வரவில்லை. அந்தத் தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கணினி பதிலுக்காக நிற்கிறது. ஸ்பீடு டெஸ்ட் இதைக் காட்டாது. அது ஒரே சர்வரின் முகவரியை ஒருமுறை கேட்டுக்கொண்டு, பிறகு குழாயில் தண்ணீர் மாதிரி தரவு எவ்வளவு வேகமாக வருகிறது என்றுதான் அளக்கும். செய்தித் தளம் மாதிரி ஒரு பக்கத்துக்குப் படம் ஒரு இடம், விளம்பரம் ஒரு இடம், எழுத்துரு ஒரு இடம் என்று பல பெயர்களைக் கேட்க வேண்டும். அதனால்தான் சில தளங்கள் மற்றவற்றைவிட அதிகம் இழுத்தன.

கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பெயருக்கு முகவரி கேட்டுப் பார்க்கும் என்எஸ்லுக்கப் கட்டளையைப் போட்டு, பக்கத்தில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். 'டைம்டு அவுட், 2 செகண்ட்ஸ்' என்று வந்தது. அடுத்த வரியில் சர்வர் 'அன்னோன்', அதன் முகவரி எஃப்ஈ80 என்று தொடங்கியது. அது ஐபிவி6 எனப்படும் புதிய வகை இணைய முகவரி, என் ரூட்டருடையது. என் ரூட்டர் ஏழு வருடப் பழசு. 'பெயர் கேட்க வேண்டுமா, என்னிடம் கேள்' என்று ஐபிவி6 வழியாகச் சொல்லிக்கொள்கிறது, கேட்டால் பதில் தருவதில்லை. கணினி அதனிடம் கேட்டுக் காத்திருந்து, அலுத்துப்போய், பழைய ஐபிவி4 வழிக்குத் திரும்புகிறது. ஒருமுறை கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். விட்டு விட்டு நின்றது அதனால்தான்.

அப்டேட்டுக்கு முன்னால் ஏன் இல்லை? முன்பு கணினியைப் பொருத்திய தம்பி, நெட்வொர்க் அடாப்டரில் ஐபிவி6 டிக்கை எடுத்து வைத்திருக்கிறார். இரண்டாவது கணினியில் இன்னும் அப்படியே இருக்கிறது. புதிய பதிப்பு ஏறியபோது இதில் டிக் திரும்ப வந்துவிட்டது. ரூட்டரின் கோளாறு இத்தனை வருடமும் மூடிக் கிடந்திருக்கிறது, இப்போது வெளியே வந்தது.

டிக்கை மறுபடி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உலகத்துக்கென்று ஒதுக்கிய ஐபிவி4 முகவரிகள் 2011லேயே தீர்ந்துபோனவை. விண்டோஸில் ஐபிவி6-ஐ அணைக்க வேண்டாம் என்பதுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லும் அறிவுரையும். அதனால் அடாப்டரில் டிஎன்எஸ், அதாவது பெயரை யாரிடம் கேட்பது என்று குறிக்கும் இடத்தில், ஐபிவி4க்கு கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டையும், ஐபிவி6க்கு அந்த இரண்டு நிறுவனங்களின் ஐபிவி6 முகவரிகளையும் கையால் எழுதினேன். அந்த நிமிடமே சரியாகிவிட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். காரணம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

பழைய லேப்டாப்காரன்:

அக்கா, எனக்கு நடந்தது நேர் எதிர். பக்கம் உடனே வந்துவிடும், ஆனால் நகர்த்தினால் திரை கிழிந்து கிழிந்து வரும். யூடியூபில் 720 வைத்தாலே படம் நின்று நின்று ஓடும், விசிறி அலறும். நானும் நெட் ஸ்லோ என்றுதான் நினைத்தேன். இணைப்புக் கொடுப்பவருக்கு மூன்று தடவை ஃபோன் செய்து சண்டை போட்டேன். அவர் மேல் தப்பே இல்லை.

டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் நெட்வொர்க் சும்மா இருக்கிறது, சிபியு 90ஐத் தாண்டி நிற்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட்டில் கழன்றுபோய்விட்டது. படம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில். குரோமின் முகவரிப் பட்டையில் குரோம்://ஜிபியு என்று ஆங்கிலத்தில் அடித்தால் எது எது 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்று பட்டியலாகவே காட்டும். லேப்டாப் கம்பெனித் தளத்தில் என் மாடல் நம்பரைப் போட்டு டிரைவர் இறக்கிப் போட்டதும் பழையபடி ஆனது. டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஹாஸ்டல் வாசி:

எனக்கு அப்லோடுதான் எமன். 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று உண்டு. அப்டேட் கோப்பை நம் கணினியிலிருந்து மற்ற கணினிகளுக்கும் பகிரும். எப்போதோ நானே அதை இணையம் முழுவதற்கும் என்று மாற்றி வைத்திருந்திருக்கிறேன். அப்லோடு வழி நிரம்பிவிட்டால், 'வந்து சேர்ந்தது' என்று நம் கணினி திருப்பிச் சொல்வதும் வரிசையில் மாட்டிக்கொள்ளும், டவுன்லோடும் சேர்ந்து படுக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் அணைத்தேன். ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறித்து வையுங்கள், பின்னணி டவுன்லோடு பெரும்பாலும் அடங்கிவிடும்.

உபுண்டு பெரியவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் 2009 ஞாபகம் வந்துவிட்டது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 9.10 பதிப்பு வந்த புதிது. ஏற்றினேன், எந்தத் தளம் திறந்தாலும் தாமதம். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: சரியாக ஐந்து விநாடி. நாலரையும் இல்லை, ஐந்தரையும் இல்லை. அந்தச் சரியான எண்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. நெரிசல் இருந்தால் ஒருமுறை மூன்று, ஒருமுறை எட்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். ஐந்திலேயே நின்றால் எங்கோ ஒரு நிரல் ஐந்து வரை எண்ணிவிட்டுக் கைவிடுகிறது என்று அர்த்தம். லினக்ஸில் பெயர் கேட்கும் பகுதியின் இயல்பான காத்திருப்பு 5 விநாடிதான். ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும், என் மோடம் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். அந்தப் பகுதிக்கான அமைப்புகள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'சிங்கிள்-ரிக்வஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கியது. அதோடு தீர்ந்தது.

புதிதாக வந்தவர்:

அக்கா, எனக்கும் போன வாரம் அப்டேட் ஆனதிலிருந்து இதே தொல்லை. நீங்கள் சொன்னபடி டிஎன்எஸ் மாற்றினேன், சரியாகவில்லை. ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது என்று வேறு காட்டுகிறது. அதனால் இருக்குமா?

ஜெராக்ஸ் கடை அக்கா:

இருக்கலாம் தம்பி. சில ஆன்டிவைரஸ்கள் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் பிடித்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரவுசருக்குத் தரும். அடியில் இயங்குதளம் மாறினால் அந்த இடத்தில் இடறக்கூடும். காலாவதியானதை வைத்திருந்து பயனில்லை. முழுதாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். என்எஸ்லுக்கப் போட்டு வரும் வரிகளை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் பக்கம் நிற்கும்போது இடது கீழ் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். 'ரிசால்விங்' என்றால் ஒரு வழி, 'கனெக்டிங்' என்றால் வேறு வழி. கடை ஒன்பது மணிக்குச் சாத்துவேன், அதற்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன்.